திருவிழாவும் திண்ணையும்

(நம் முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தவனை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். "சொந்தமா தொழில் பண்றியே, வாடிக்கையாளரைப் பிடிக்கிறது எப்படின்னு பசங்களுக்குச் சொல்லு" என்பது செயலாளர் அண்ணனின் உத்தரவு. பிடித்த கதையைவிட, கைநழுவ விட்ட கதைதான் எனக்கு நன்றாகத் தெரியும். அதையே சொல்கிறேன்.

மோட்டாரின் அதிர்வை அளந்து, பேரிங் கெடப்போவதை முன்கூட்டியே காட்டும் சிறு கருவி ஒன்றை நான் தயாரிக்கிறேன். வாங்குபவர்கள் மில்களில் வேலை பார்க்கும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்கள். விளம்பரத்துக்குக் காசு இல்லை. ஆகவே ஒரு சமூக ஊடகத்தில் பக்கம் திறந்து, வாரம் ஒரு வீடியோ போட்டேன். கூட்டம் சேர்ந்தது. ஆர்டரும் வந்தது. இனி என்ன கவலை என்று இருந்தேன்.

ஒருநாள் காலை பக்கத்தைக் காணோம். விதிமீறல் என்று ஒரே ஒரு வரி. என்ன விதி, என்ன மீறல் என்று கேட்க ஆளில்லை. முறையிட்டேன், பதிலே வரவில்லை. அத்தனை பேர் பின்தொடர்ந்தார்களே, அவர்களில் ஒருவருடைய முகவரிகூட என்னிடம் கிடையாது! அந்த மாதம் இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க என் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. சபையில் சொல்லக் கூச்சம்தான். ஆனாலும் தம்பிகளுக்குத் தெரியட்டும்.

கண்காட்சிகளில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள் ஒரு செருப்புப் பெட்டியில் கிடந்தன. ராத்திரியோடு ராத்திரியாக முகவரிகளைத் தட்டி, எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். பல திரும்பி வந்தன. ஒரு பெரியவர் மட்டும் பதில் எழுதினார்: "தம்பி, இதை நான் உங்களிடம் கேட்டேனா?"

சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கூடவே, "உங்கள் ஆலையில் எந்த மோட்டார் அதிகம் தொல்லை தருகிறது?" என்றும் கேட்டேன். மறுநாளே நீண்ட பதில் வந்தது. அவருக்கு விளக்கம் எழுதினேன். அதே விளக்கத்தை மற்றவர்களுக்கும் அனுப்பி, "மாதம் ஒருமுறை இப்படி எழுதட்டுமா? வேண்டாமென்றால் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று கேட்டேன். சம்மதித்தவர்களுக்கு மட்டும் எழுதினேன். அந்தக் கடிதம்தான் இன்று என் தொழிலின் முதுகெலும்பு. வளையலும் வீடு திரும்பிவிட்டது.

அப்படியானால் சமூக ஊடகம் வேண்டாமா? வேண்டும். அது ஊர்த் திருவிழா. முன்பின் தெரியாதவர்களை அங்கேதான் சந்திக்க முடியும். ஆனால் பந்தல் நம்முடையது அல்ல. எப்போது பிரிப்பார்கள் என்று தெரியாது. மின்னஞ்சல் வீட்டுத் திண்ணை. கூட்டம் குறைவு, பேச்சு நிதானம். திருவிழாவில் பார்த்தவரைத் திண்ணைக்கு அழைக்கத் தெரிந்தால் போதும்.

நான் கடைப்பிடிப்பவை நான்கு.

ஒன்று: புதிய பக்கம் திறந்தேன். வீடியோவில் பழுதைக் காட்டுவேன். அளவு அட்டவணை கடிதத்தில் வரும், வேண்டுவோர் முகவரி தரலாம் என்பேன். கடிதத்துக்கு வரும் கேள்வி, கேட்டவர் அனுமதியோடு, அடுத்த வீடியோ ஆகும். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடும்.

இரண்டு: கேட்டவருக்கு மட்டும் அனுப்புவது, விலகுவதற்கும் வழி வைப்பது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் தம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்று 2024-ல் கூகுள் விதித்தது. நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் அதுவே நல்ல பழக்கம்.

மூன்று: எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணி மகிழாமல், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பார்ப்பது. 2021-ல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாட்டால், படிக்காத கடிதமும் திறந்ததாகவே கணக்கில் வரும். பதில் பொய் சொல்லாது.

நான்கு: முகவரிப் பட்டியலுக்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்வது. அதை யாருக்கும் விற்பதில்லை, இரவல் தருவதுமில்லை.

முடிப்பதற்கு முன் நம் வீட்டுக் கதை ஒன்று. நாங்கள் படித்தபோது எங்கள் வகுப்பே ஆர்குட்டில் இருந்தது. சண்டை, கிண்டல், பரீட்சைக் கேள்வி எல்லாம் அங்கேதான். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்கு வந்தோம். மீதிப் பேர்? என் ஹாஸ்டல் அறைத் தோழன் இன்றைக்கும் கிடைக்கவில்லை. அவன் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியிருந்தால் இந்த மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிவிட்டுப் போங்கள். சங்கத்திலிருந்து கடிதம் வரும். ஒரு வரியாவது பதில் போடுங்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் விடைபெறும் நாளில் செல்ஃபி எடுப்பீர்கள். அதோடு முகவரியும் வாங்கிக்கொள்ளுங்கள்.