குளிர்சாதனத்தில் கேஸ் ஏற்றும்போது



சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் அண்ணாந்து பாருங்கள். கடைகளின் மொட்டை மாடியில் ஏ.சி. அவுட்டோர் யூனிட்கள் நிற்கும். மே மாத வெயிலில் அங்கே கேஸ் ஏற்றும் மெக்கானிக்கின் உயிரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கசிவு பார்க்க நைட்ரஜன் மட்டுமே, அதுவும் ரெகுலேட்டரோடு. ஆனால் குழாய் பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜன் பக்கத்திலேயே இருக்கும். கை அதற்குத்தான் நீளும். கம்ப்ரஸர் எண்ணெயும் அழுத்தமுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிதான். கேஸ் சீக்கிரம் இறங்கட்டும் என்று சிலிண்டரை டார்ச்சால் சூடாக்குவதும் அதே ரகம்.

ஆர்-22 ஒரே பொருள். ஆர்-410ஏ கலவை, அழுத்தம் ஏறக்குறைய 1.6 மடங்கு. பழைய கேஜ், ஹோஸ் உதவாது. சிலிண்டரிலிருந்து திரவமாக எடுக்க வேண்டும். ஓடும் கம்ப்ரஸருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இல்லையென்றால் வால்வு போய்விடும். கையுறை, கண்ணாடி கட்டாயம்: வெளியே வரும் திரவம் மைனஸ் 51 டிகிரியில் கொதிப்பது. இப்போது பரவியிருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றும். கேஸ் உள்ளே இருக்கும்போது டார்ச் பக்கமே போகாதீர்கள்.

எவ்வளவு ஏற்றுவது? "ஜில்லுன்னு வந்துடுச்சு சார், போதும்" என்பது அளவா? நேம் பிளேட்டில் எடை இருக்கிறது. குழாய் நீளத்துக்குக் கூட்டி, சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றுங்கள்.

தம்பிகளே, நாளைக்கு எஸ்டிமேட் போடப்போவது நீங்கள். நைட்ரஜன் சிலிண்டர் கனம். அதை மூன்று மாடி தூக்கக் கான்ட்ராக்டர் யோசிப்பார். அந்தக் கூலியைத் தனி வரியாக எழுதிவிடுங்கள்.