‘உங்களுக்குள்’ என்ற சொல்: வரவிருக்கும் ஆட்சியும் நம் மண்ணில் காத்திருந்தவர்களும்

 

இந்தக் கருத்தரங்குக்காகச் சானமாவுக்கு வரும் வழியில், நேற்று மாலை நெடுஞ்சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அங்கிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, கன்னடத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் எந்த ராஜ்யத்தில் அதிகம், வீட்டு வாடகை எந்த ராஜ்யத்தில் குறைவு என்பது பேச்சு. கன்னடத்தில் ராஜ்யம் என்றால் மாநிலம். ஜூஜூவாடிச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், அந்தப் பக்கம் இன்னொன்று. அதே கன்னடத்தில் வேதாகமத்தைத் திறந்தால் ‘தேவர ராஜ்ய’. தெலுங்கிலும் ராஜ்யம்தான். மூன்று மொழி ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பகுதியில், கடவுளின் ராஜ்யம் என்று ஒரு போதகர் சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் எல்லைக்கோடும் சோதனைச் சாவடியும் சேர்ந்தே எழக்கூடும். நாம் பேச வந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் நமக்கு மூன்று சொற்கள் வாய்த்திருக்கின்றன. சீர்திருத்த சபையார் நாவில் ராஜ்யம். கத்தோலிக்கர் ஜெபத்தில் நெடுநாள் அரசு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஆட்சி. ராஜ்யத்துக்கு நிலம் வேண்டும், அரசுக்கு அரியணை வேண்டும், ஆட்சி என்பது ஒரு செயல். கிரேக்க மூலத்தில் உள்ள ‘பசிலேயா’வும், இயேசு பேசிய அரமேய மொழியின் ‘மல்குத்தா’வும் முதலில் ஆளுதலையே குறிக்கும் என்பது அறிஞர் முடிவு. அந்த வகையில் ஆட்சி சரியான தேர்வு. ஆனாலும் பழைய சொல்லை நான் எளிதில் கைவிட மாட்டேன். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ராஜ்யம் என்ற சொல்லில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு திருந்தியபோது அவர்களிடமிருந்து எதையும் பிடுங்கிவிடவில்லை என்று நாம் உறுதியாகச் சொல்ல முடியுமா?

இதைவிடக் கூர்மையானது லூக்கா நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சொல். ஆட்சி எப்போது வரும் என்று பரிசேயர் கேட்கிறார்கள். வந்த பதிலில் உள்ள கிரேக்கச் சொல் ‘எந்தோஸ்’. அது உள்ளத்துக்குள்ளே என்றா, மக்கள் நடுவிலே என்றா? ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. தேர்ந்த பக்கத்தில் நின்று சண்டையும் போட்டார்கள். பழைய தமிழ் வேதாகமம் ‘உங்களுக்குள்’ என்று எழுதியது. இந்தத் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். “உங்களுக்குள் ஒரு பயம் இருக்கிறது” என்றால் நெஞ்சுக்குள். “உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்” என்றால் ஒருவரோடொருவர். ஐயம் இருந்த இடத்தில் ஐயத்தைக் கெடாமல் காத்த மொழிபெயர்ப்பு அது. புதிய மொழிபெயர்ப்பு ‘நடுவே’ என்று போட்டுப் பொருளைத் தெளிவாக்கியது; தெளிவாக்கும்போது பாதியை விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் இறையாட்சி பற்றி எழுந்த கருத்து வேறுபாடுகளில் பல இந்த ஒரு சொல்லின் இரண்டு பக்கங்களில் நிற்கின்றன என்பது என் எண்ணம்.

நம் இறையியல் வகுப்புகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்தைத் திறக்கிறோம். அங்கே ஆயிரம் ஆண்டு என்ற சொல் ஆறு முறை வருகிறது. அந்த ஆயிரத்துக்கு முன்னே கிறிஸ்து வருவார் என்பவர் ஒரு கட்சி, பின்னே வருவார் என்பவர் இன்னொரு கட்சி, ஆயிரம் என்பது உருவகம் என்பவர் மூன்றாம் கட்சி. டார்பி, ஸ்கோஃபீல்டு, ஷ்வைட்சர், டாட் என்று மேல்நாட்டு இறையியலார் பெயர்களை எழுதிப்போட்டுத் தேர்வு நடத்துகிறோம். இந்தக் கட்சிகள் நம் மண்ணில் இறங்கியபோது யார் கையில் என்னவாயின என்று கேட்பதில்லை. இந்தக் கருத்தரங்கு அதைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துப் பல் மருத்துவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், சகோதர சபை இயக்கம் தோன்றிய காலத்தில் அதன் முன்னோடிகளில் ஒருவர். 1833இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், குரோவ்ஸின் தோழரானார். வெளிநாட்டு மிஷன் சம்பளத்தை நம்பாமல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கி, நெசவும் உழவும் செய்துகொண்டே ஊழியம் பார்த்தார். 1860இல் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானது. ஆணும் பெண்ணும் அழுதார்கள், தரிசனம் கண்டார்கள், கர்த்தருடைய வருகை சமீபம் என்றார்கள். அந்தத் தீ தமிழ்ப் பிரசங்கிகள் வழியாகத் திருவிதாங்கூருக்குப் போனது. 1873 தொடங்கி அங்கே எழுந்த எழுப்புதலில் முன்னின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. பிறப்பில் இராமையன். தமிழ்ப் பிராமணக் குடும்பம். 1861இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். அவருடைய கூட்டத்தார் 1875இல் ஒரு கணக்கை அறிவித்தார்கள்: இன்னும் ஆறு ஆண்டில், 1881இல், கிறிஸ்து வருவார். ஆறாண்டுக்காரர் என்றே ஊர் அவர்களை அழைத்தது.

1881 வந்தது, போனது. இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கணக்கு 1844 அக்டோபர் 22இல் பொய்த்தபோது, காத்திருந்தவர்களில் ஒரு பிரிவினர், அன்று நிகழ்ந்தது பரலோகத்துக்குள் நிகழ்ந்தது என்று விளக்கினார்கள். அதிலிருந்து அட்வெண்டிஸ்ட் சபை பிறந்தது. யுஸ்துஸ் யோசேப்பு எடுத்த வழி வேறு. வருகை நடந்துவிட்டது, அது ஆவிக்குரிய வருகை என்றார். ஆட்சி மனிதருக்குள் தொடங்கிவிட்டது என்றார். யூயோமயம் என்ற தனிச்சபை எழுந்தது. வானத்தைப் பார்த்திருந்த கண்கள் ‘உங்களுக்குள்’ என்ற சொல்லுக்குத் திரும்பின. அதை ஏமாற்றத்தை மூடிய சமாதானம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தேதி தவறியபின்னும் நம்பிக்கையை விடாமல், அதற்கு வேறு இடம் தேடியவர்களின் வலி அதில் இருக்கிறது. அவரும் அவருடைய குடும்பத்தாரும் இயற்றிய மலையாளப் பாட்டுகளை, அவருடைய கணக்கை ஏற்காத சபைகள் இன்றும் பாடுகின்றன.

அட்வெண்டிஸ்டுகளைச் சொன்னதால் ஒரு வார்த்தை. அவர்கள் தமிழ்நாட்டில் 1908இல் காலூன்றிய இடம் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரம். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபையார் ஏற்கெனவே சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடிவந்த ஊர் அது. வெளியிலிருந்து வந்த போதனைக்கு முன்பே நிலம் உழப்பட்டிருந்தது.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம். லைப்சிக் மிஷனில் வேலை பார்த்த தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இருவர், வேத எழுத்தின் பிழையின்மை பற்றிய கருத்து வேறுபாட்டால் அதைவிட்டு விலகினார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அவர்களை அனுப்ப, 1895இல் நேதர் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கினார். இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அது. அவர்கள் கையில் இருந்தது 1530ஆம் ஆண்டின் ஔக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. கடைசி நாளுக்கு முன்பே பக்தர்கள் பூமியில் தனி அரசாட்சி நடத்துவார்கள் என்ற எண்ணத்தை அதன் 17ஆம் பிரிவு மறுக்கிறது. ஆக, திருவிதாங்கூரில் ஆண்டுக் கணக்கு பொய்த்துப் பதினான்கு ஆண்டுக்குள், கணக்கே போடக் கூடாது என்ற மரபு நம் கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தது. 1898இல் பெங்களூரில் புகுந்த பிளேக் இந்தப் பக்கமெல்லாம் பரவியது. 1904இல் நேதர் கிருஷ்ணகிரியிலேயே பிளேக்கில் இறந்தார். கொள்ளைநோயைக் கடைசிக் காலத்தின் அடையாளம் என்று படிப்பவர் உண்டு. அடையாளம் எண்ணாமல் நோயாளிகள் இருந்த ஊரிலேயே தங்கி இறந்தவரும் உண்டு. இரண்டாமவரின் மரபு குளிர்ந்த மரபு என்று சொல்லப்படுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அதேபோல, இரகசிய வருகை, எடுத்துக்கொள்ளப்படுதல், மகா உபத்திரவம் என்று பேசும் பெந்தெகொஸ்தே சகோதரர்களைக் கற்றவர்கள் இளப்பமாகப் பேசுவதையும் ஒப்புக்கொள்வதில்லை. 1920களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷனின் விசுவாச வீடுகளைப் பாருங்கள். ஊழியர்கள் திருமணமும் சொத்தும் துறந்து, வெள்ளையுடுத்தி, எந்த வேளையும் அழைப்பு வரலாம் என்று வாழ்கிறார்கள். மருந்தை மறுக்கும் அவர்கள் போதனையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வருகையை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே பேரப்பிள்ளைக்கும் மனை வாங்கிப்போடும் நம்மில் பலருக்கு, அவர்களை விமரிசிக்கும் உரிமை முழுதாக இல்லை.

ஆட்சியைப் பற்றிய புரிதல் குடியுரிமைவரை போகும் என்பதற்கு 1986ஆம் ஆண்டின் பிஜோ இம்மானுவேல் வழக்கு சாட்சி. கடவுளின் அரசுக்கு மட்டுமே தங்கள் பற்று என்று நம்பும் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், கேரளப் பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் நிறுவிய கிறிஸ்து அரசர் பெருவிழாவும் நாட்டரசுகளுக்குச் சொல்லப்பட்ட ஒரு பதில்தான். திருச்சபையே ஆட்சி என்று நினைத்த பழைய போக்கை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், திருச்சபை அந்த ஆட்சியின் வித்தும் தொடக்கமும் என்று திருத்திச் சொன்னது. இதை விரிவாகப் பேசப் பிற்பகல் அமர்வு இருக்கிறது.

ஓசூர்த் தொழிற்பேட்டைப் பகுதியில் நின்றுகொண்டு நான் மறக்கக் கூடாத பெயர் வெ. சக்கரைச் செட்டியார். 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடும் வேளையில், செஞ்சையா முதலியோருடன் சேர்ந்து கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் நூலை வெளியிட்ட குழுவில் ஒருவர். சபையைக் கட்டுவதைவிடக் கடவுளின் ஆட்சி பெரிது என்பது அக்குழுவின் குரல். அதே சக்கரை சென்னை மேயராக இருந்தார், 1950களில் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இயேசுவை அவதாரமாகத் தியானித்து நூல் எழுதியவர் தொழிற்சங்க மேடையிலும் நின்றார். ‘உங்களுக்குள்’ என்ற சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே ஆயுளில் வாழ்ந்த தமிழர் அவர். ஓசூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு ஷிப்ட் பார்க்கும் இளைஞனிடம் நம் சபைகள் இவரைப் பற்றி ஒரு ஞாயிறாவது சொல்லியிருக்கின்றனவா?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அன்போடு அழைத்தவர், கடவுளின் ஆட்சியை உலைப்பானையில் கண்டார். ஒரே உலையில் சோறு பொங்கி எல்லாரும் பங்கிட்டுத் தின்பதே ஆட்சியின் வடிவம் என்று பறையடித்துப் பாடினார். சேர்ந்து உண்ண விடாத சாதி நிற்கும்வரை, நம் திருவிருந்தின் அப்பமும் அந்த உலையும் வேறு வேறாகவே இருக்கும் என்பது அவருடைய துயரம். ஆயிரத்துக்கு முன்பா பின்பா என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை. ஆனால் நான் வாசித்த எந்த விளக்கத்தைவிடவும் அவருடைய அந்த உலை என்னை அதிகமாக உறுத்துகிறது.

நேற்று இரவு ஊர்க்காரர் ஒருவர் தம் ராகிக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கதிர் முற்றும் பருவம். தளி, ஜவளகிரி பக்கமிருந்து யானைக் கூட்டம் சானமாவுக் காட்டுக்குள் இறங்கும் காலமும் இதுதான். பரண்மேல் டார்ச்சும் பட்டாசும் கம்பளியும் இருந்தன. “வரும்னு தெரியும் ஐயா. என்னிக்குன்னுதான் தெரியாது. வரலேன்னா காலையில வேலைக்குப் போவணும்” என்றார். நற்செய்தி நூல்களே வருகையைத் திருடனுக்கு ஒப்பிடக் கூசவில்லை, ஆகவே யானைக்கு ஒப்பிட நான் கூச வேண்டியதில்லை. அவர் சொன்ன மூன்றாவது வாக்கியம்தான் என்னோடு வந்தது. வருகை நெருங்கிவிட்டது என்று வேலையை விட்டவர்களைத் தெசலோனிக்காவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம் கண்டிக்கிறதே, அதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

கட்டுரையாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர்களில் பழைய பிரசங்கக் குறிப்புகள், கைப்பிரதிகள், கல்லறை வாசகங்கள், கன்வென்ஷன் நோட்டீஸ்கள் கிடக்கின்றன. பாட்டிமார் நினைவில் ‘வருகை’ பற்றிய கதைகள் இருக்கின்றன. கரையான் தின்னும் முன், நினைவு தப்பும் முன், அவற்றைத் தொகுத்துத் தாருங்கள். அடுத்து, இந்த இரண்டு நாளும் ஒருவர் மற்றவருடைய மரபை அதன் சொந்தக் கலைச்சொல்லாலேயே குறிப்பிடுங்கள். இரகசிய வருகையை இரகசிய வருகை என்றும், இறையாட்சியை இறையாட்சி என்றும் சொல்லிப் பேசுங்கள்.

சமையற்கூடத்தில் ராகிக் களிக்கு உலை ஏறிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றரை மணிக்குப் பந்தி. அதற்குள் முதல் இரண்டு கட்டுரைகளைக் கேட்டுவிடலாம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.