இறங்கி உருட்டிய சைக்கிள்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கொள்கை பேச வேண்டும், இலக்கியம் பேச வேண்டும். நாம் இந்த ஆண்டு சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறோம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவரைச் சைக்கிள் இல்லாமல் நினைத்துப் பார்க்க நம்மால் முடியாது. துண்டறிக்கையும் மனு எழுதும் தாளும் அவருடைய கேரியரில்தான் சேரி சேரியாகப் போயின. இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் இருந்த சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினால், எந்தத் தெருவில் யார் எப்போது ஏறிப் போக முடிந்தது என்ற வரலாறு அதில் கிடைக்கும்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள பகை சைக்கிளுக்கு முந்தியது. 1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டினார். அதுவே ஒரு போராட்டம். 1901-இல் சிறுவன் அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகிறார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் ஓட்டவில்லை. பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டியிருந்தது. 1929-இல் சாலிஸ்கானில் எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவருக்கு வண்டி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து நம்மவர் ஒருவரே ஓட்டினார். அவருக்குப் பழக்கமில்லை. வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. அப்போது அவர் வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கியவர், அரசாங்கக் குழுவின் உறுப்பினர். படிப்பும் பதவியும் கிடைத்தும் ஒரு வண்டி கிடைக்கவில்லை.

இந்தச் சிதம்பரமோ நந்தன் நடந்து வந்த ஊர். சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை இங்கே தொடங்கினார். எங்கள் தாத்தாக்களின் தலைமுறை எதற்கும் நடைதான். வாய்க்கால் கரையில் நடந்து, ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தார்கள்.

எங்கள் தலைமுறையின் முதல் சைக்கிள் சொந்தச் சைக்கிள் அல்ல, வாடகைச் சைக்கிள். மணிக்கு இத்தனை காசு என்று கடையில் எடுத்து, பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றோம். அந்தக் கடையிலும் ஒரு கணக்கு இருந்தது. ஊர்ப் பையனுக்குப் பெயர் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள். சேரிப் பையனுக்குத் தெரிந்த பெரிய மனிதர் யாராவது சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அப்பாவின் சைக்கிள். பழைய ஹெர்குலிஸ். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிசும் பி.எஸ்.ஏ.வும் நம் பக்கத்து ஊர்களிலும் பெருகின. புதிது பண்ணையார் வீட்டுக்குப் போகும். பத்து ஆண்டு ஓடித் தேய்ந்தபின் நம்மிடம் வரும். அறுவடைக் கூலியை இரண்டு போகம் சேர்த்து அப்பா அதை வாங்கினார். அதில் நெல் மூட்டை வந்தது, விறகு வந்தது, பிரசவ வலி கண்ட அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆனால் ஊர்த்தெரு முனை வந்ததும் அப்பா இறங்கிவிடுவார். தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்கு வரும். தெரு முடியும்வரை உருட்டிக்கொண்டு நடப்பார். ஏறிப் போனவர்களின் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டதும் உண்டு, கட்டிவைத்து அடித்ததும் உண்டு. ஒரு விதிவிலக்கு இருந்தது. ஊரில் பெரிய சாவு விழுந்தால் வெளியூர்களுக்கு இழவு சொல்லப் போவது நம்மவர் வேலை. அன்றைக்கு மட்டும், "ஏறிப் போடா, சீக்கிரம் போ" என்பார்கள். நம் கால் பெடலில் இருந்தது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. யாருடைய வேலையாகப் போகிறோம் என்பதுதான் பிரச்சினை.

மூன்றாவது, படிக்கப் போன சைக்கிள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நேரான சாலைகளில் யாரும் இறங்கச் சொல்லவில்லை. அந்தச் சாலையில் கைவிட்டு ஓட்டினோம், பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினோம். சனிக்கிழமை ஊருக்குத் திரும்பும்போது அதே சைக்கிளில் அதே தெரு முனையில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு சாலைகளுக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அந்தப் பத்து கிலோமீட்டர்தான் எங்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு நாள் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இறங்காமல் போனோம். பெல் அடித்துக்கொண்டே போனோம். அடி விழுந்தது. அடுத்த வாரம் பதினைந்து பேர் போனோம்.

நான்காவது, அமைப்பு வேலைக்கு ஓடிய சைக்கிள். புவனகிரி, கிள்ளை, பரங்கிப்பேட்டை என்று அது போகாத பக்கம் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, சாலையெங்கும் மரங்கள் கிடந்தன. சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டி, மீண்டும் ஏறிப் போய், எந்தச் சேரியில் எத்தனை வீடு போயிற்று என்று கணக்கு எடுத்தோம்.

ஐந்தாவது, எங்கள் பெண்பிள்ளைகளின் சைக்கிள். தமிழக அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. அப்பா இரண்டு போகக் கூலி சேர்த்து வாங்கியது, பேத்திக்கு உரிமையாக வந்தது. அவளைப் பெடல் மிதிக்கவிட்டு, பத்தாவதோடு நிறுத்தாமல் பன்னிரண்டாவதுக்கு அனுப்பியது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் திறந்தவை என்று ஆனது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டமும் சாலையைச் சொன்னது. கடலூரிலிருந்து 1952-இல் நாடாளுமன்றம் போன நம் எல். இளையபெருமாளின் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, நாடெங்கும் சுற்றித் தீண்டாமையைப் பதிவு செய்து 1969-இல் அறிக்கை தந்தது. இத்தனைக்கும் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் கொண்டுவந்த திருத்தத்தில், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், பொது இடத்தில் செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியே எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை.

சாலை நமது என்று சொல்லி 91 ஆண்டுகள் கழித்து, சைக்கிளும் நமது என்று சொல்ல வேண்டி வந்தது ஏன்? சாலையில் நடக்க விட்டவர்கள் ஏறிப் போக விடவில்லை. நடப்பவன் தலை தாழ்ந்திருக்கும். ஏறியவன் தலை திண்ணையில் உட்கார்ந்தவன் தலைக்கு மேலே போகும். அந்த உயரத்தைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பைக் வந்துவிட்டதே, இது பழங்கதை என்று சொல்லும் நண்பர்கள், அந்தப் பிரிவில் மோட்டார் சைக்கிள் என்ற சொல்லும் இருப்பதைப் படிக்க வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய், எந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கினீர்கள், எந்த ஆண்டு முதல் இறங்கவில்லை என்று கேளுங்கள். பதிலை ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். நம் தன்வரலாறுகளில் பசி எழுதப்பட்டிருக்கிறது, பள்ளிக்கூடம் எழுதப்பட்டிருக்கிறது. இறங்கிய தெருக்கள் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, இன்றும் வண்டியை மறித்தார்கள் என்று ஒருவர் வந்தால், அதைச் சில்லறைத் தகராறு என்று எழுதவிடாதீர்கள். பிரிவைச் சொல்லி, முதல் தகவல் அறிக்கையில் அது ஏறும்வரை காவல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். நம் தோழர் செய்த வேலை அதுதான். அதைத் தொடர்வதுதான் அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.