திறமூல ஆய்வு மென்பொருள்: விடுபட்ட நிரலகங்களைக் கண்டறியும் முறை

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்றவர்களுக்கு உள்ளீடு - வெளியீட்டுப் பட்டியல் புதியதன்று. 1973-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற வாசிலி லியோன்டிஃப் வகுத்த அம்முறை, நிலக்கரி இன்றி எஃகு இல்லை, எஃகு இன்றி எந்திரம் இல்லை என்னும் சார்புச் சங்கிலியை எண்களால் காட்டுகிறது. கணிப்பொறி மென்பொருளும் இத்தகைய சங்கிலியால் ஆனதே. ஒரு மென்பொருள் பிறர் எழுதிய பல நிரல் தொகுப்புகளை நம்பி நிற்கிறது. 'லைப்ரரி' எனப்படும் அத்தொகுப்புகளை நாம் நிரலகங்கள் என்போம். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் முழுப் பணியும் நின்றுவிடும்.

மின் ஆளுமைப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. எனினும், மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்க முற்படும் ஆய்வாளர், திரையில் முதல் பிழைச் செய்தி தோன்றியதுமே அம்முயற்சியைக் கைவிடுவதுண்டு. பின்னர் உரிமக் கட்டணம் செலுத்திப் பிற மென்பொருளை வாங்க வேண்டும். அல்லது ஆய்வு முறையையே எளிதாக்கிக்கொள்ள வேண்டும். முதலாவது பொதுப்பணத்திற்கு இழப்பு. இரண்டாவது ஆய்வின் தரத்திற்கு இழப்பு.

ஓர் எடுத்துக்காட்டு

பொருளாதார அளவையியலுக்குப் பயன்படும் 'கிரெட்டல்' என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் பேராசிரியராகப் பணியாற்றிய ராமு ராமநாதன் எழுதிய நிரலே இதற்கு அடித்தளம். ஆலின் காட்ரெலும் ரிக்கார்டோ லுக்கெட்டியும் அதனை விரிவாக வளர்த்தனர்.

இம்மென்பொருள் அணிக் கணக்குகளுக்கு 'லாபேக்' நிரலகத்தையும், ஃபூரியர் உருமாற்றத்திற்கு 'எஃப்எஃப்டிடபிள்யூ' நிரலகத்தையும், மிகுதுல்லியக் கணக்கீட்டிற்கு 'ஜிஎம்பி' நிரலகத்தையும், சாளரத் தோற்றத்திற்கு 'ஜிடிகே' நிரலகத்தையும் நாடுகிறது. வரைபடங்களை 'நூப்ளாட்' என்னும் தனி மென்பொருள் வரைந்து தருகிறது. ஒவ்வொரு துறையிலும் வல்லவர்கள் செய்ததைப் பயன்படுத்திக்கொள்ளும் இம்முறை, வேலைப் பகுப்பின் நல்ல வடிவமேயாகும்.

பிழை தோன்றும் நான்கு கட்டங்கள்

பிழைச் செய்தி எந்தக் கட்டத்தில் தோன்றியது என்பதை அறிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலாவது, ஆயத்தக் கட்டம். 'கான்ஃபிகர்' என்னும் நிரல், தேவையான பொருள்கள் கணிப்பொறியில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். கட்டாயமான ஒன்று இல்லையெனில் அங்கேயே நின்றுவிடும். அதன் முழுக் காரணம் 'கான்ஃபிக்.லாக்' என்னும் பதிவுக் கோப்பில் இருக்கும்.

இரண்டாவது, மொழிமாற்றக் கட்டம். தலைப்புக் கோப்பு இல்லை என்ற செய்தி இங்கே எழும். பலர் குழம்புவது இவ்விடத்தில்தான். நிரலகத்தை நிறுவிவிட்டோமே என்பார்கள். டெபியன் இயங்குதளத்திலும், அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்திலும், ஒரு நிரலகம் பெரும்பாலும் இரு பொதிகளாகக் கிடைக்கிறது. ஒன்று, மென்பொருளை இயக்குவதற்கு உரியது. மற்றொன்று, மென்பொருளை உருவாக்குவதற்கு உரியது. பின்னதன் பெயர் 'டெவ்' என முடியும். ஃபெடோரா இயங்குதளத்தில் 'டெவெல்' என முடியும். தலைப்புக் கோப்புகள் இந்த இரண்டாம் பொதியில்தான் உள்ளன.

மூன்றாவது, இணைப்புக் கட்டம். நிரலகம் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், அது நிறுவப்படவில்லை, அல்லது இணைப்பி தேடாத அடைவில் உள்ளது. நிரலகம் கிடைத்தும் குறிப்பிட்ட செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், பதிப்பு பொருந்தவில்லை, அல்லது வேண்டிய நிரலகம் இணைப்புக் கட்டளையில் சேர்க்கப்படவில்லை என்று கருதலாம்.

நான்காவது, இயக்கக் கட்டம். கிரெட்டலை வெற்றிகரமாக நிறுவிய பின்னும், அதன் சொந்த நிரலகமே கிடைக்கவில்லை என்ற செய்தி வருவதுண்டு. புதிய நிரலகம் வைக்கப்பட்ட அடைவை இயங்குதளம் இன்னும் குறித்துக்கொள்ளவில்லை என்பதே காரணம். நிர்வாகி உரிமையுடன் 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்கினால் பெரும்பாலும் இது சரியாகிவிடும். எந்த நிரலகம் கிடைக்கவில்லை என்பதை 'எல்டிடி' கட்டளை காட்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

திரையில் நூறு வரிகள் ஓடினாலும், முதலில் தோன்றிய பிழையையே படிக்க வேண்டும். ஏனைய வரிகளில் பெரும்பாலானவை அதன் விளைவுகளாகவே இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், மென்பொருளுடன் வரும் குறிப்பேட்டில் உள்ள தேவைப் பட்டியலைத் தொடக்கத்திலேயே முழுமையாக நிறைவு செய்வது சிக்கனமானது. இணையத் தொடர்பில்லாத அலுவலகக் கணிப்பொறிகளுக்கு, பொதியை மட்டுமன்றி அது சார்ந்துள்ள பொதிகளையும் அதே இயங்குதளப் பதிப்பிலிருந்து கொண்டுவர வேண்டும்.

வேறொரு கணிப்பொறியிலிருந்து நிரலகக் கோப்பைப் பெயர்த்து வைப்பதும், பழைய பதிப்பிற்குப் புதிய பெயர் சூட்டி இயங்குதளத்தை ஏமாற்றுவதும் கூடா. மென்பொருள் இயங்கிவிடலாம், ஆனால் அது தரும் எண்களை நம்ப இயலாது. விருப்பத் தேவையாக உள்ள நிரலகம் இல்லாதபோது ஆயத்தக் கட்டம் பிழையின்றி முடிந்து, அந்த வசதி மட்டும் விடுபட்டுப் போவதும் உண்டு. ஆகவே இறுதியில் காட்டப்படும் சுருக்கத்தையும் படித்துப் பார்த்தல் நலம்.

எல்லாவற்றினும் முக்கியமானது பதிவேடு. மென்பொருளின் பதிப்பு, நிறுவிய நிரலகங்களின் பெயர்களும் பதிப்புகளும், பிறப்பித்த கட்டளைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அலுவலர் மாறுதலாகிச் செல்வார். மாணவர் பட்டம் பெற்று வெளியேறுவார். அவர்களுடன் இந்த அறிவும் வெளியேறினால், அடுத்தவர் முதற்படியிலிருந்து தொடங்க நேரும். ஒரு மதிப்பீட்டை ஐந்தாண்டுகள் கழித்து வேறொருவர் சரிபார்க்க விரும்பினால், அதனை உருவாக்கிய கருவியையும் அவர் மீண்டும் உருவாக்க இயல வேண்டும். பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வு மக்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது.

திறமூல மென்பொருளுக்கு விலை இல்லாதிருக்கலாம்; உழைப்பு உண்டு. அந்த உழைப்பைப் பதிவு செய்து பகிர்ந்துகொள்ளும் நிறுவனமே இத்துறையில் தன்னிறைவு பெறும்.