வகுப்பறையில் வார்த்தை தடித்தால்...

(ஆறுமுகநேரியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2022 நவம்பர் மாதம். கர்நாடகத்தில் மணிப்பால் தொழில்நுட்பக் கல்லூரி. ஒரு மாணவனின் பெயரைக் கேட்ட பேராசிரியர், "ஓ, கசாப்பைப் போலவா?" என்கிறார். 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்டு, 2012இல் தூக்கிலிடப்பட்ட அதே கசாப்!

அந்த மாணவன் மேசையை உதைத்தானா? வெளியே போய் ஆள் திரட்டினானா? இல்லை. நின்ற இடத்திலேயே, வகுப்பு முழுவதும் கேட்கப் பேசினான். மும்பைத் தாக்குதல் வேடிக்கை அல்ல. இந்த நாட்டில் முஸ்லிமாக இருந்து தினமும் இதைச் சந்திப்பதும் வேடிக்கை அல்ல என்றான். "நீ என் மகன் மாதிரி" என்று சமாளித்தார் ஆசிரியர். மகனைப் பயங்கரவாதி என்று கூப்பிடுவீர்களா என்று திருப்பிக் கேட்டான். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். காட்சி நாடெங்கும் பரவியது. கல்லூரி அவரை வகுப்பெடுக்க விடாமல் நிறுத்தி, விசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு அவரிடம் தனியே பேசிய அந்த மாணவன், மன்னிப்பு உண்மையானதே, விட்டுவிடுவோம் என்று சக மாணவர்களுக்குச் சொன்னான்.

வார்த்தையைத்தான் அடித்தான், ஆளை அடிக்கவில்லை.

"பையன்கள் தைரியமாகப் பேசினால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது! நம் பக்கத்து நாங்குநேரியைப் பாருங்கள். சாதியைச் சொல்லிச் சக மாணவர்கள் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்னான் ஒரு பிளஸ் டூ மாணவன். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வாய் திறந்தவனுக்குத் துணை வேண்டாமா? (அந்தப் பிள்ளை மறு ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. நல்ல பரிந்துரை. ஆனால் நம் பிள்ளைக்கு நாளையே ஒன்று நடந்தால் யார் போவது?

வணிகப் பெருமக்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அரை நாள் கடையை அடைத்துவிட்டு, பெரியவர்கள் இருவர் தலைமையாசிரியரைப் பாருங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். என்ன வார்த்தை, எந்த வகுப்பு, யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இருபது மோட்டார் சைக்கிளில் போனீர்களோ, சொன்ன வார்த்தை மறந்துபோகும். வந்த வண்டிகள்தான் பேச்சாகும்!

இன்னொன்று. கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்து வகுப்பறைகளில் உப்பளத் தொழிலாளியின் பிள்ளையும் மீனவர் பிள்ளையும் நம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். நம் பையன் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்? அந்த வார்த்தையை எங்கே கற்றான்? நம் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதுதானே! அந்தப் பிள்ளையின் தகப்பனார் இருவரைக் கூட்டிக்கொண்டு புகாரோடு வந்தால், அவருக்கு நாற்காலி போடுவோமா?