எந்தப் புத்தகம் என்று யார் முடிவு செய்வது?



ஓர் ஆசிரியரின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளை இது. ஆகவே முகமன் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, ஆசிரியர் அறையில் பேசுவதையே இங்கும் பேசுகிறேன். பாடநூலுக்கு வெளியே ஒரு பிள்ளை எதைப் படிப்பது என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? பிள்ளைதான் என்பது என் பதில். சரளமாகப் படிக்க வந்த பிறகு பரிசாகத் தரக் காத்திருக்க வேண்டாம். தட்டுத் தடுமாறிப் படிக்கும்போதே அந்த உரிமை வேண்டும்.

"எனக்குப் படிக்க வராது சார்" என்கிறான் ஆறாம் வகுப்புப் பையன். அதே பையன் பேருந்துப் பெயர்ப்பலகையையும் சினிமா சுவரொட்டியையும் கிரிக்கெட் செய்தியையும் படித்துவிடுகிறான். அதெல்லாம் அவன் கணக்கில் படிப்பில் சேர்த்தி இல்லை. வரிசையாக எழுந்து பத்தி பத்தியாக உரக்க வாசித்தபோது திக்கியதும், பின்வரிசை சிரித்ததும், 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறியதும்தான் அவனுக்குப் படிப்பு. தான் யார் என்பதை அங்கேயே முடிவு கட்டிக்கொண்டான். அந்த முடிவு மாறாதவரை எத்தனை பயிற்சித்தாள் கொடுத்தாலும் அது வாத்தியாருக்காகச் செய்யும் வேலையாகவே இருக்கும்.

இப்படி அடையாளம் இடுவதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு மாதிரிகள் உண்டு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கம் தன் சிறு புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நிலை வைத்தது. முதலாவதில் அடையாளம் பிள்ளைமேல், இரண்டாவதில் புத்தகத்தின்மேல். கற்பிக்கும் ஆசிரியருக்கு முதல் வகைப் பிரிப்பு தேவைதான். அது அவருடைய குறிப்பேட்டோடு நிற்கட்டும். இரண்டாவதையும் கெடுத்துவிட முடியும். "நீ நுழை, பற பக்கம் கைவைக்காதே" என்று ஒருமுறை சொன்னால் போதும். படம் பார்க்கப் பெரிய புத்தகத்தை எடுக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அவள் தலைப்பைக் கூட்டிப் படிக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

பிள்ளைகளையே புத்தகம் எடுக்கவிட்ட ஓர் ஆசிரியரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே பூத்பே ஹார்பர் என்ற கடலோர ஊரில் நான்சி அட்வெல் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்தார். தொடக்கத்தில் அவரும் எல்லாருக்கும் ஒரே கதை, ஒரே கேள்விகள் என்றுதான் நடத்தினார். பிறகு அதை விட்டார். வகுப்பிலேயே வாசிக்க நேரம், பிள்ளைகள் தாமே எடுத்த புத்தகம், படித்ததைப் பற்றி ஆசிரியருக்கு ஒரு கடிதம், அதற்கு ஆசிரியரின் பதில் என்று மாற்றிக்கொண்டார். இந்த அனுபவம் 1987-இல் 'இன் தி மிடில்' என்ற நூலாயிற்று. 1990-இல் எட்ஜ்கோமில் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஒரு மாணவர் ஆண்டுக்குச் சராசரியாக 40 புத்தகங்கள் படித்தார். 2015-இல் உலக ஆசிரியர் பரிசு முதன்முறை வழங்கப்பட்டபோது அட்வெல்லுக்குத்தான் கிடைத்தது. பரிசுத்தொகையான பத்து லட்சம் டாலரையும் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

பரிசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கடிதம். கேள்விக்கு விடை எழுதும் பிள்ளை, ஆசிரியருக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறது. கடிதத்தில் ஆசிரியர் படித்திராத புத்தகத்தைப் பற்றியும் எழுதலாம். 'இந்த இடம் ஒரே இழுவை', 'இவன் ஏன் அம்மாவிடம் பொய் சொன்னான் என்றே விளங்கவில்லை' என்று எழுதும் பிள்ளைக்குச் சொந்தக் கருத்து ஒன்று இருக்கிறது. ஆசிரியருக்கும் அதில்தான் பிடி கிடைக்கிறது: எந்த இடத்தில் விளங்காமல் நின்றாள், அடுத்து எந்தப் புத்தகத்தை அவள் கண்ணில் படும்படி வைப்பது என்று. பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடவும் அட்வெல் வகுப்பில் அனுமதி இருந்தது. பிரெஞ்சு ஆசிரியரும் நாவலாசிரியருமான தானியேல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்தார். நம் வீடுகளில் சொன்னால் சண்டை வரும்.

மெய்னின் சிறு பள்ளி எங்கே, 40 பேர் உட்காரும் நம் வகுப்பு எங்கே என்பீர்கள். நாளுக்கு மூன்று பேரிடம் இரண்டிரண்டு நிமிடம் பேசுங்கள். மூன்று வாரத்தில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், வகுப்பில் மௌனமாகப் படிக்கவிடுவதால் சரளம் வளரும் என்று சொல்லப் போதிய ஆய்வு ஆதாரம் இல்லை என்றது. நான் அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன். உயிர்மெய்க் குறிகளையும் ஒற்றையும் கூட்டிப் படிப்பதையும் நேரடியாகக் கற்பித்தே ஆக வேண்டும். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் மதிப்பெண் பட்டியல் போடப் போய்விட்டால் அது வாசிப்பு வகுப்பு ஆகாது.

கண்டதையும் படிப்பார்களே என்ற கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1972-இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடநூலுக்குள் ஒளித்துப் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். சிலர் தமிழாசிரியராகவே ஆகியிருக்கிறீர்கள்.

பிள்ளை தானே எடுக்க வேண்டுமென்றால் புத்தகம் கைக்கு எட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்து, கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் வெளிவந்த அவருடைய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் ஒன்று வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலைப் பற்றியது. இன்னொன்று நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைப் பற்றியது. இவை நிறைவேற அவர் வற்புறுத்தியது திறந்த அலமாரியை. வாசகர் தாமே நடந்து போய் எடுத்துப் புரட்ட வேண்டும். அவர் பிறந்த மாநிலத்துப் பள்ளிகள் பலவற்றில் புத்தகம் பீரோவிலும் சாவி தலைமையாசிரியர் மேசையிலும் இருக்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் அது.

பயத்துக்கு மருந்து விதியில்தான் இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி, ஓராண்டில் புழங்கும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, அதற்கு நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லையென்றால், இயல்பான இழப்பு என்று ஏற்கிறது. அது மத்திய அரசின் நூலகங்களுக்கு. பள்ளி நூலகங்களுக்கும் இப்படி ஓர் அளவைத் தெளிவாக எழுதி, ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் கை என்பதால் ஐந்தைப் பத்தாக்கினாலும் தகும். கல்வித் துறை அலுவலர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இந்தக் கோரிக்கையை உங்களிடம்தான் வைக்கிறேன்.