கட்டுகளை அவிழ்க்கும் கைகள்

(தவக்காலம் 5ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இந்த ஞாயிறு நற்செய்தியில் இலாசர் கல்லறையை விட்டு வெளியே வருகிறார் (யோவான் 11). இறந்து நான்கு நாள் ஆனவர். இயேசுவின் குரல் அவருக்கு உயிர் தந்தது. ஆனால் அவர் எப்படி வெளியே வந்தார்? கையும் காலும் கட்டப்பட்டு, முகம் துணியால் மூடப்பட்டு வந்தார். உயிர் கொடுத்த ஆண்டவருக்கு அந்தக் கட்டுகளை அவிழ்ப்பது பெரிய காரியமா? இல்லை. ஆனாலும் அந்த வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் ஒப்படைத்தார். உயிர் அவர் கொடுப்பது. கட்டு நாம் அவிழ்ப்பது.

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று, மறுபடி வேலைக்குப் போகும் சகோதரர்களை நினைக்கும்போதெல்லாம் இந்த நற்செய்திதான் நம் கண்முன் வருகிறது.

எங்கள் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். கொத்தனார் வேலை பார்க்கும் ஒருவர், மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் தெளிச்சி. ஞாயிறு திருப்பலிக்கு மனைவி பிள்ளைகளோடு முன்வரிசையில் நின்றார். அப்போது பங்கு மண்டபத்துக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் பிழைப்பு வேண்டுமே என்று அதிலே வேலை கொடுத்தோம். நல்ல காரியம் செய்துவிட்டதாக எங்களுக்குள் ஒரு திருப்தி.

காங்கிரீட் போட்ட அன்று மேஸ்திரி வழக்கம்போல, "பசங்க செலவுக்கு" என்று கேட்டார். வழக்கம்போல நாங்களும் கொடுத்தோம். அந்தச் செலவு என்ன செலவு என்று எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை அந்தச் சகோதரர் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். கையில் கரணை, காலில் காய்ந்த சிமெண்டு. "சாமி, கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கிறேன்" என்றார். ஏன் என்று கேட்டோம். "மண்டபத்துக்குப் பின்னாடி எல்லாரும் உக்காந்திருக்காங்க சாமி. அவங்க எந்திரிச்சுப் போனதும் நான் போயிடறேன்" என்றார். இரண்டு மணி நேரம் திண்ணையிலே உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தோம். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது.

கல்லறையிலிருந்து வந்தவரின் கட்டை அவிழ்க்க வேண்டிய நாங்கள், எங்கள் காசாலேயே இன்னொரு கட்டுப் போட்டோம். அந்த வாரம் பங்குப் பேரவையில் இதைப் பேசினோம். இனி கோவில் வேலை எதிலும் குடிக்குக் காசு இல்லை. காங்கிரீட் நாளில் எல்லாருக்கும் வயிறார பிரியாணி என்று முடிவு செய்தோம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். வேலை நிற்கவில்லை.

அன்பானவர்களே, அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் 1856இல் பிறந்த மத்தேயு டால்பட் என்னும் தொழிலாளியை நாம் அறிவோம். 12 வயதில் மதுபான வியாபாரி ஒருவரிடம் வேலைக்குப் போய், அங்கேயே குடியைப் பழகியவர். 1884இல், 28ஆவது வயதில், குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஆயுள் முழுக்க என்று சொல்லவில்லை. முதலில் 3 மாதத்துக்கு மட்டும். பிறகு 6 மாதம். பிறகுதான் ஆயுளுக்கும். கையில் காசு இருந்தால் கால் எங்கே போகும் என்று அறிந்து, காசில்லாமலே வெளியே போகப் பழகினார். வேலையை விட்டு ஓடிப்போகவில்லை. உடல் உழைப்பாளியாகவே வாழ்ந்தார். பழைய கடன்களை அடைத்தார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அவர் வாழ்வு சொல்லும் பாடம் எளிது. மனவுறுதி மட்டும் போதாது. நாளை ஒழுங்குபடுத்த வேண்டும். வேலைக்குத் திரும்பும் சகோதரனே, சம்பள நாள்தான் உனக்குச் சோதனை நாள். சம்பளம் மனைவியின் கணக்குக்கோ, நம்பிக்கையான ஒருவர் கைக்கோ நேராகப் போகட்டும். கடை இல்லாத தெருவழியாக வீடு திரும்பு, சுற்றுவழியானாலும் சரி. பசியோடும் அலுப்போடும் இருக்கும்போது ஆசை பலமாகும், வேளைக்குச் சாப்பிடு. மருத்துவர் சொன்ன தேதியையும், குடியிலிருந்து மீண்டவர்களின் கூட்டத்தையும் விடாதே.

குடும்பத்தாரே, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து ஆகலாம். பல வருடம் குடித்தவரை, கோவிலில் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தச் சொல்லுவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். சத்தியமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். வழி தெரியாதவர்கள் 14446 என்ற அரசின் இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலை கொடுப்பவர்களே, மறுபரிசோதனைக்குப் போக அவருக்கு ஒருநாள் லீவு கொடுங்கள். உடன் வேலை செய்பவர்களே, "ஒரு நாள்தானே மாப்ளே" என்று கூப்பிடாதீர்கள். "எத்தனை நாளைக்கு இந்த வேஷம்" என்று கேலி பேசாதீர்கள். ஒருவேளை அவர் மறுபடி விழுந்தால், எல்லாம் போச்சு என்று கைவிடாதீர்கள். இது நோய், நோய் திரும்பினால் மருத்துவரிடம் திரும்புகிறோம் அல்லவா? ஒப்புரவு அருளடையாளத்தை ஆண்டவர் ஒரே ஒருமுறைக்கு என்று நமக்குத் தரவில்லையே.

இலாசரின் கதை கல்லறை வாசலில் முடியவில்லை. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. இயேசுவோடு பந்தியில் இருந்தவர்களில் இலாசரும் ஒருவர். கல்லறை நாற்றத்தைப் பற்றி அங்கே யாரும் பேசியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. நம் வீட்டுப் பந்தியிலும், வேலைத்தளத்திலும், கோவிலிலும் திரும்பி வந்தவருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

மண்டபத்து மாடி இப்போது முடிந்துவிட்டது. அந்தக் கொத்தனார் இன்றைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மாலைகளில் சிலநேரம் திண்ணைக்கு வருகிறார். கேள்வி எதுவும் கேட்காமல் காப்பி கொடுக்கிறோம். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு திண்ணை திறந்திருக்கட்டும்.

கட்டுண்டோரை விடுவிக்க வந்த ஆண்டவர் நம் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.